காசோலை, வேலை, மனை, நினைவுக்கல்: வீரமரணமடைந்தவர் வீட்டுக்கு அரசு எதை முதலில் கொண்டுபோக வேண்டும்?

2020 ஜூன் 15 இரவு, கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியப் படைவீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஒரே இரவு, ஒரே சண்டை. மாநில அரசுகள் அடுத்த நாட்களில் அறிவித்த உதவிகள் மட்டும் ஒன்றுபோல் இல்லை. கர்னல் சந்தோஷ் பாபுவின் குடும்பத்துக்குத் தெலங்கானா அரசு 5 கோடி ரூபாய், ஐதராபாத்தில் மனை, மனைவிக்குக் குரூப் 1 நிலையில் அரசு வேலை ஆகியவற்றைக் கொடுத்தது. மற்ற 19 பேரின் குடும்பங்களுக்கும் தலா 10 லட்சம் அறிவித்தது. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 லட்சமும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. பின்னர் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ராவும் பழனிக்கு வீர் சக்ராவும் வழங்கப்பட்டன.

5 கோடி கொடுத்ததில் தவறில்லை. அந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் இறந்தவர் எந்த மாநிலத்தவர், எந்தப் பதவியில் இருந்தார், அந்த வாரம் தொலைக்காட்சியில் எவ்வளவு நேரம் காட்டப்பட்டார் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் அடுத்த நாற்பது வருடங்கள் தீர்மானமாவது முறையல்ல. கல்வானில் இறந்தவரை நாடே அறியும். அதே மாதம் காஷ்மீரின் குப்வாராவில் தனியாகச் சுடப்பட்டு இறந்தவரை அவருடைய தாலுகாவுக்கு வெளியே யாரும் அறியமாட்டார்கள். இரண்டு வீட்டிலும் இழவு ஒன்றுதான்.

ஒரு முதலமைச்சரோ அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது கையில் இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். எது எங்கே உதவும், எங்கே கோளாறாகும் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில், டெல்லியிலிருந்து என்ன வருகிறது

மாநிலம் கொடுப்பது எல்லாம் மத்திய அரசு கொடுப்பதற்கு மேல் ஏறி உட்காரும் தொகை. அடித்தளம் தெரியாமல் மேலே கட்டினால் கோணல்தான்.

ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2016 ஜனவரி 1 முதல், மத்திய அரசின் கருணைத்தொகை இப்படி: பணியின்போது விபத்தில் அல்லது பயங்கரவாத வன்முறையில் இறந்தால் 25 லட்சம், எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ, குறிப்பிட்ட உயர்மலைக் காவல் முகாம்களில் பனிச்சரிவு, கடுங்குளிர் போன்றவற்றாலோ இறந்தால் 35 லட்சம், அறிவிக்கப்பட்ட போரில் எதிரியால் இறந்தால் 45 லட்சம். இதோடு ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி சேரும். ராணுவப் போர் இழப்பாளர் நல நிதியிலிருந்து வரும் தொகையும் உண்டு. 2019-ல் அது 2 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது மாத ஓய்வூதியம். இங்கேதான் பெரும்பாலான அரசியல்வாதிகளின் கண்ணுக்குப் படாத கோடு ஒன்று இருக்கிறது. சாவு ‘பேட்டில் கேஷுவல்டி’ (போர், மோதல் போன்றவற்றில் நேர்ந்த இழப்பு) என்று வகைப்படுத்தப்பட்டால் மனைவிக்குத் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம்: கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியத்தில் 100%. மோதலில் அல்லாமல் பணியால் நேர்ந்த ‘பிசிக்கல் கேஷுவல்டி’ என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்: 60%. பணிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று முடிவானால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்: முதல் பத்து வருடம் 50%, அதன்பின் 30%.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹவில்தார் ஒருவரின் அடிப்படை ஊதியம் 40,000, ராணுவப் பணி ஊதியம் 5,200, மொத்தம் 45,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் மாதம் 45,200. இரண்டாவது வகையில் 27,120. வித்தியாசம் மாதம் 18,080, வருடத்துக்கு 2,16,960, இருபது வருடத்தில் 43,39,200. அகவிலை நிவாரணத்தை இதில் சேர்க்கவே இல்லை. தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் தன் கருணைத்தொகையை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக இரட்டிப்பாக்கியது நல்ல முடிவு. ஆனால் ராணுவத்தின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் கோப்பில் ஒரு சொல் மாறி விழுந்தால் அந்த 40 லட்சத்தையும் தாண்டிய தொகை சத்தமில்லாமல் கரைந்துபோகும்.

அந்தச் சொல்லை மாநில அரசு எழுதுவதில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டிய தாள்களில் பல மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் வழியில் சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், அவர் பணிப் பயணத்தில் இருந்தார் என்பதை நிறுவ முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பயணச்சீட்டு மூன்றும் வேண்டும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் எழுதும் ஏட்டு “ஊருக்கு வந்திருந்தவர்” என்று ஒரு வரி போட்டுவிட்டால், அந்த ஒரு வரியோடு குடும்பம் வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டிவரும். வகைப்படுத்தல் தவறு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஒரு எம்.பி. தன் தொகுதியில் இப்படி ஒரு கோப்பைக் கையிலெடுத்து, அமைச்சகத்துக்கு எழுதி, வழக்கறிஞரை ஏற்பாடு செய்து கொடுத்தால், மேடையில் கொடுக்கும் எந்தக் காசோலையையும்விட அதன் மதிப்பு அதிகம். படம் எடுக்க அதில் எதுவும் இருக்காது. அதனால்தான் அதிகம் நடப்பதில்லை.

மொத்தத் தொகையா, மாதா மாதமா

மொத்தத் தொகையின் பலம் வேகம். வீட்டுக்கடன், நகைக்கடன், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று எல்லாம் கருமாதிக்கு முன்பே வாசலில் வந்து நிற்கும். அதை அடைக்க ரொக்கம் வேண்டும்.

அதன் பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது. ஊரார் முன்னால் காசோலை கொடுத்த நாளிலேயே தொகை ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் தொழில் தொடங்கப் பங்கு கேட்டு ஒருவர் வருவார். இரண்டு மடங்காகும் என்று காப்பீட்டுப் பத்திரத்தோடு ஒருவர் வருவார். மனை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். துக்கத்தில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் “முடியாது” என்று சொல்லும் தெம்பு இருக்காது.

பிரிவினை இன்னொரு சிக்கல். ராணுவம் என்.ஓ.கே. (மிக நெருங்கிய உறவினர்) என்று பதிந்து வைத்திருப்பவரிடம் பணம் போகும். திருமணமானவர் என்றால் அது மனைவி. வளர்த்து ஆளாக்கிய பெற்றோர் வெறுங்கையோடு நிற்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்பு என்பதால் தந்தையின் நிலை இன்னும் மோசம். இதே மனக்கசப்பு 2024-ல் ஒரு கீர்த்தி சக்ரா விருதைத் தொடர்ந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. தவிர்க்க வழி இருக்கிறது. சந்தோஷ் பாபு குடும்பத்துக்கான 5 கோடியைத் தெலங்கானா அரசு மனைவிக்கு 4 கோடி, பெற்றோருக்கு 1 கோடி என்று தனித்தனிக் காசோலையாகவே கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் 50 லட்சத்தை மனைவிக்கு 35, பெற்றோருக்கு 15 என்று பிரித்திருக்கிறார்கள். விகிதம் எதுவாகவும் இருக்கட்டும். சாவுக்கு முன்பே அரசாணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாவுக்குப் பின் பிரிக்க உட்கார்ந்தால் மாமியாரும் மருமகளும் கோர்ட்டில்தான் சந்திப்பார்கள்.

மாதத்தொகைக்கு வருவோம். 40 லட்சத்தை 7% வட்டியில் வைத்தால் மாதம் சுமார் 23,300 ரூபாய் வரும். ஓய்வூதியம் ஏற்கெனவே வரும் வீட்டுக்கு இது அவசியமில்லை. ஓய்வூதியமே இல்லாத வீடு ஒன்று இப்போது உருவாகியிருக்கிறது: அக்னிவீர் வீடு. 2022-ல் தொடங்கிய, நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கும் அந்தத் திட்டத்தில் பணியால் இறப்பவரின் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, நான்கு வருடத்தில் மீதியிருக்கும் காலத்துக்கான ஊதியம், பணி முடிவில் தரும் மொத்தத் தொகையான சேவா நிதி எல்லாம் உண்டு. மாத ஓய்வூதியம் மட்டும் கிடையாது. பதினேழரை வயதிலிருந்து சேரும் பிள்ளைகள் என்பதால் அவர்களில் பெரும்பாலோர் திருமணமாகாதவர்கள். தொகை போய்ச் சேர்வது நாற்பது, ஐம்பது வயதுப் பெற்றோரிடம். நிரந்தரப் படைவீரர் திருமணமாகாமல் வீரமரணம் அடைந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 75%, ஒருவர் மட்டும் இருந்தால் 60% என்று தாராளமய ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க வரும். அக்னிவீரின் அப்பா அம்மாவுக்கு அது இல்லை.

எனவே எங்கள் முடிவு: ஓய்வூதியம் உள்ள வீட்டுக்கு மாநிலத் தொகை மொத்தமாகப் போகட்டும். அதிலும் 5 லட்சம் உடனே கைக்கு. குழந்தைகளின் பங்கு 18 வயது வரை வைப்பு நிதி. மீதி மனைவி, பெற்றோர் பெயரில் தனித்தனியாக. அக்னிவீர் வீட்டுக்கு மாநிலம் மாதத்தொகையாகக் கொடுக்கட்டும். ஒரே அரசாணையில் இரண்டு பத்தி எழுதினால் முடிகிற வேலை.

மத்திய ஆயுதக் காவல் படைகளை அந்த ஆணையில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் இறந்த 40 பேரும் அந்தப் படைகளில் ஒன்றான சி.ஆர்.பி.எஃப். வீரர்கள், தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த இருவரும் அவர்களில் உண்டு. ‘ராணுவத்தினர்’ என்று மட்டும் எழுதிய ஆணையைக் காட்டி இப்படிப்பட்ட வீட்டைத் திருப்பி அனுப்ப ஒரு எழுத்தர் போதும்.

அரசு வேலை

மக்கள் மிகவும் மதிப்பது இதைத்தான். கிராமத்தில் கைம்பெண்ணுக்குச் சம்பளமும் வெளியே போய்வரும் உரிமையும் சேர்ந்து கிடைப்பது வேலையால்தான். ஓய்வூதியம் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம். வேலை தினமும் பஸ் ஏற வைக்கும். அதனால் இதை விடக்கூடாது. ஆனால் “குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை” என்ற ஒற்றை வரி அறிவிப்பு போல ஆபத்தானது வேறு இல்லை.

யார் அந்த ஒருவர்? மனைவியா, கொழுந்தனா? “நீ கைக்குழந்தையை வச்சிக்கிட்டு எங்கம்மா வேலைக்குப் போவ, தம்பிக்கு எழுதிக் கொடுத்துடு” என்று கூடத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் சொல்லும்போது அவள் தலையாட்டிவிடுவாள். ஆறு மாதம் கழித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அந்த வேலையும் போச்சு, அதில் வரும் சோறும் போச்சு. கொழுந்தனையே கட்டிக்கொள்ளச் சொல்லும் வழக்கமும் சில வட்டாரங்களில் இருக்கிறது. அரசு விதியே ஒரு காலத்தில் அதற்குத் துணைபோனது: கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே வீர விருதுக்கான மாதப்படி தொடரும் என்று இருந்த நிபந்தனை 2017 நவம்பரில்தான் நீக்கப்பட்டது.

கல்வித்தகுதி அடுத்தது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் இளநிலை உதவியாளர், எட்டாம் வகுப்பு என்றால் அலுவலக உதவியாளர் என்று போகும். பன்னிரண்டோடு படிப்பை நிறுத்திக் கல்யாணமான பெண்ணுக்கு இரண்டு மூன்று வருடம் அவகாசம் கொடுத்தால் பட்டமே வாங்கிவிடுவாள். ஆணையில் அதற்கு இடமில்லாவிட்டால், விதித்தளர்வு கேட்டுக் கோப்பு கோட்டைக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும்.

ஆகவே வேலை ஆணையில் ஐந்து விஷயம் இருந்தாக வேண்டும். முதல் உரிமை மனைவிக்கு. அவள் விட்டுக்கொடுப்பதானால் குறைந்தது ஆறு மாதம் கழித்து, பெண் அதிகாரி ஒருவர் முன்னிலையில், தனியாகப் பேசிய பின்பே எழுதி வாங்க வேண்டும். படித்து முடிக்க ஐந்து வருட அவகாசம் வேண்டும். வேண்டாம் என்றால் பிள்ளைக்கு 18 வயது வரும் வரை இடம் காத்திருக்க வேண்டும். பணியிடம் அவள் கேட்கும் மாவட்டத்தில் இருக்க வேண்டும். புகுந்த வீடு இருக்கும் மாவட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மறுமணம் செய்துகொண்டாலும் அவளுடைய வேலையைப் பறிக்கக் கூடாது என்பதையும் எழுதிவைப்பது நல்லது. ஓய்வூதியம் மறுமணத்துக்குப் பின் தொடர்வது, குழந்தைகளை யார் வளர்க்கிறார்கள் என்பது போன்ற விதிகளைப் பொறுத்து மாறும். வேலை அப்படி ஆடக்கூடாது.

மனை, வீடு, பெட்ரோல் பங்க்

கார்கிலுக்குப் பின் பல குடும்பங்களுக்குப் பெட்ரோல் பங்க் ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் பெரிய பரிசு. ஆனால் பங்க் நடத்த நடைமுறை மூலதனம், டேங்கர் வந்து நிற்கும்போது கட்டும் முன்பணம், ஆட்கள், கணக்கு எல்லாம் வேண்டும். தொழில் தெரியாத வீட்டில் அது மூன்றாம் ஆள் கைக்குப் போய், பெயர் மட்டும் வீரருடையதாக நிற்கும். தொழில் தெரிந்த, கேட்கும் குடும்பத்துக்கு மட்டும் இது சரி.

மனை அப்படியல்ல. சொந்த மனை இல்லாத வீட்டுக்கு அது வாழ்நாள் காப்பு. கொடுக்கும் அரசு மூன்றைப் பார்க்க வேண்டும். இடத்தில் ஆக்கிரமிப்பு இல்லாமல் அளந்து கல் நட்டு ஒப்படைக்க வேண்டும். ‘பட்டா வழங்கப்பட்டது’ என்ற புகைப்படத்துக்குப் பின் இடத்தில் மாட்டுக்கொட்டகை நிற்பது புதிதல்ல. பட்டா மனைவி பெயரில் இருக்க வேண்டும். ஒப்படைப்பு நிலத்துக்கான விற்பனைத் தடை நிபந்தனை என்ன, எத்தனை வருடம் என்பதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். வங்கிக்கடன் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கு அந்த நிபந்தனையே தெரியவருகிறது.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு ஊர் நடுகல் எடுத்தது. கூடவே அவன் குடும்பத்துக்கு நிலமும் விட்டது. உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்வது அந்த நிலத்தைத்தான். நெய்த்தோர் என்றால் இரத்தம். கல் ஊருக்கு, காணி வீட்டுக்கு.

சிலை, பெயர், கல்

பணம் இல்லாத அமைப்பும் செய்யக்கூடியது இது. தவறாகச் செய்வதும் இதைத்தான்.

சிலை என்றதும் பஸ் நிலைய முக்கில் வைக்கத்தான் ஆசை வரும். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. தெரியாமல் பீடம் கட்டிவிட்டு, துணி மூடிய சிலையைத் திறக்க வழியில்லாமல் வைத்திருந்தால், தினம் அந்த வழியாகப் போகும் தாய்க்கு அதைவிடக் கொடுமை இல்லை. அவர் படித்த பள்ளிக்குப் பெயர் வைப்பது மேல். பள்ளியில் வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், “யாரு சார் இவரு?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பள்ளிக்கல்வித் துறை அரசாணை வேண்டும். தெருப்பெயர் என்றால் உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தில் தொடங்க வேண்டும்.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பதவி வரிசையில்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவு கல். மாவட்டத் தலைநகரங்களிலும் அந்த மாதிரி ஒன்று எழுந்தால், குப்வாராவில் தனியாக இறந்தவரும் கல்வானில் இறந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

ஒரு ஆள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவானதும், எங்கள் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியதும் இது. இரண்டு வருடத்துக்கு அந்தக் குடும்பத்துக்கென்று பெயர் சொல்லி ஒரு அதிகாரியை நியமிப்பது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அலுவலகம் மாவட்டம் முழுக்க உள்ள ஆயிரக்கணக்கான ஓய்வூதியர்களைப் பார்க்கிறது. ஒரே வீட்டுக்குப் பத்து முறை போய்வர அங்கே ஆளில்லை. துணை வட்டாட்சியர் நிலையில் ஒருவர், கலெக்டரின் எழுத்து ஆணையோடு வேண்டும்.

இந்த ஆள் ஏன் வேண்டும் என்பது பெயர்ப் பிரச்சினையைப் பார்த்தால் புரியும். ராணுவப் பதிவில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் நிற்கும். ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். திருமணப் பதிவில் மனைவியின் தலைப்பெழுத்து இன்னும் அவள் அப்பாவுடையது. ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் கணினிக்கு இவை மூன்றும் மூன்று மனிதர்கள். விடுப்பில் வந்து கல்யாணம் செய்தவர் அதைப் பதிவில் ஏற்றும் ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளிவரும் முன் இறந்துபோனால், ராணுவத்தின் கணக்கில் அவர் இன்னும் பிரம்மச்சாரி. குழுக் காப்பீட்டு நியமனம் கல்யாணத்துக்கு முன் எழுதியபடியே அம்மா பெயரில் கிடக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ரெக்கார்டு ஆபீஸ் வெலிங்டனில், பரவாயில்லை; வேறு படைப்பிரிவு என்றால் வடக்கே எங்கோ இருக்கும், கடிதம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும்.

முதல் மூன்று நாள் அவருடைய வேலை சடலம் வருவதை ஒட்டியது. விமான நிலையத்திலிருந்து ஊர் வரை சாலை, சுடுகாட்டுக்குப் பாதை, தண்ணீர், விளக்கு. பெட்டியோடு வரும் ராணுவ அதிகாரியிடம், பெட்டியைத் திறக்கலாமா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முகம் பார்க்க வேண்டும் என்று தாய் கேட்பாள். முடியாது என்றால் அதைக் கூட்டத்தின் நடுவே சொல்லக்கூடாது, பெட்டி ஊருக்குள் நுழையும் முன் தாய்மாமனைப் போன்ற ஒருவரை வைத்து வீட்டுக்குள் சொல்ல வேண்டும். தேசியக்கொடியில் காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. மடித்த கொடியை யாரிடம் கொடுப்பது என்று முன்கூட்டியே வீட்டாரிடம் பேசி வைக்காவிட்டால், கேமரா முன் இழுபறி நடக்கும்.

பதினாறாம் நாள் வரை, சில குடும்பங்களில் அதற்குப் பிறகும், மனைவி வாசல் தாண்ட மாட்டாள். அதனால் அலுவலகம் அவளிடம் வர வேண்டும். அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, வீட்டிலேயே வைத்துத் திறக்கப்பட வேண்டும். கணவரோடு சேர்ந்த கணக்கு, சாவுச் செய்தி போனதும் முடங்கலாம். வாரிசுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, இறப்புச் சான்றின் பத்து நகல்கள், பெயர் வேற்றுமைக்கான உறுதிமொழி ஆவணம் எல்லாம் முப்பது நாளுக்குள். ராணுவச் சம்பளக் கணக்கோடு வங்கிகள் தரும் விபத்துக் காப்பீட்டை எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே வங்கியில் விசாரிக்க வேண்டும். பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, என் பேரு இது. இது ஆபீஸ் நம்பர் இல்ல, என் சொந்த நம்பர். எந்தத் தாளு வந்தாலும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க.” மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். கோப்பைக் கைமாற்றினால் மட்டும் போதாது.

தலைவர் நேரில் வருவது

வரத்தான் வேண்டும். வராமல் இருந்தால் அது காலத்துக்கும் ஆறாது. எப்படி வருவது என்பதில்தான் எல்லாம்.

2017-ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு வீரரின் வீட்டுக்கு முதலமைச்சர் வருகிறார் என்று ஏ.சி., சோபா, கம்பளம் எல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். அவர் போனதும் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். 2023 நவம்பரில் ஆக்ராவில் கதறிக்கொண்டிருந்த தாயின் கையில் கேமராவைப் பார்த்தபடி காசோலையைத் திணித்தபோது, இங்கே கண்காட்சி நடத்தாதீர்கள் என்று அவர் அழுதது நாடு முழுக்க ஒளிபரப்பானது. இரண்டிலும் தவறு பணத்தில் இல்லை. நேரத்திலும் கேமராவிலும் இருந்தது.

இறுதிச் சடங்கன்று மாலை வைத்து வணங்கிவிட்டுப் போகலாம். அமைச்சர் வரும் வரை சடலத்தைக் காக்க வைக்கக்கூடாது. காசோலை என்ற ஒன்றே வேண்டாம். தொகை நேரே வங்கிக்குப் போகட்டும். பதினாறாம் நாளுக்குப் பின் ஒரு நாள், செய்தியாளர் இல்லாமல், நியமிக்கப்பட்ட அதிகாரியோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன நடந்திருக்கிறது, என்ன நடக்கவில்லை என்று கேட்கட்டும். முதல் திவசத்துக்கு மறுபடி ஒருமுறை.

கடிதம் எழுதுவதானால் கையெழுத்து சொந்தக் கையால் இருக்கட்டும். ஈராக் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் வீடுகளுக்குப் போன கடிதங்களில் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டின் கையெழுத்தை இயந்திரம் போட்டது என்று 2004 டிசம்பரில் தெரியவந்தபோது குடும்பங்கள் கொதித்தன. இனி நானே போடுகிறேன் என்று அவர் சொல்ல வேண்டிவந்தது. ‘ஈடு இணையற்ற தியாகம்’ என்று தொடங்கும் கடிதம் எந்த வீட்டுக்கும் பொருந்தும், அதனால் எந்த வீட்டையும் தொடாது. அவர் எந்தப் படைப்பிரிவில் எத்தனை வருடம் இருந்தார், கடைசியாக எங்கே நின்றார், கூட இருந்தவர்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அவருடைய கமாண்டிங் ஆபீசரிடம் கேட்டு மூன்று வரி எழுதினால் அந்தக் கடிதம் பீரோவில் இருக்கும், பேரன் எடுத்துப் படிப்பான்.

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதும் தலைவர்களின் வேலைதான். வீரமரணமடைந்தவர்களின் பிள்ளைகளுக்கான கல்விக் கட்டணச் சலுகைக்கு 2017-ல் மாதம் 10,000 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. கல்லூரியில் பாதி வழியில் இருந்த பிள்ளைகள் தவித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் 2018-ல் வரம்பு நீக்கப்பட்டது. எந்த வரம்பு வைத்தாலும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி அன்றே சேர்த்திருந்தால் அந்தத் தவிப்பே நேர்ந்திருக்காது.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து

மாநில அரசு முதலில் நிலையாணை ஒன்றை எழுத வேண்டும். தொகை, பிரிவினை விகிதம், வேலையின் ஐந்து நிபந்தனைகள், அக்னிவீருக்கும் காவல் படைகளுக்குமான பத்திகள், அதிகாரி நியமனம் எல்லாம் அதில் இருந்தால், சாவுச் செய்தி வந்த மறுநாள் முதலமைச்சர் புதிதாக எதையும் அறிவிக்கத் தேவையில்லை. கலெக்டர் ஆணையைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம். அதற்குமேல் கொடுக்க மனமிருந்தால் நிலையாணையின் தொகையையே எல்லோருக்கும் உயர்த்தட்டும்.

எம்.எல்.ஏ., எம்.பி. கையில் பெரிய பணம் இல்லை. அவர்கள் எடுக்க வேண்டியது வகைப்படுத்தல் கோப்பையும், முன்பு அறிவித்து நிறைவேறாமல் கிடக்கும் பட்டாக்களையும் வேலைகளையும். ஐந்து வருடத்துக்கு முன் அறிவித்தவை என்னவாயின என்று சட்டமன்றத்தில் ஒரு கேள்வி போட்டாலே பல கோப்புகள் எழுந்து நடக்கும்.

ஊராட்சித் தலைவரிடம் அதுவும் இல்லை. வீட்டுவரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்புகளை வீரரின் மனைவி பெயருக்கு மாற்ற அவளோடு போய் நிற்கலாம். கல் வைக்கத் தீர்மானம் போடலாம். வெட்டும் முன் பெயர், படை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், முதலில் மனைவியிடமும் பிறகு தாயிடமும் வாசித்துக் காட்டி, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்ல வேண்டும். தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டால் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஊரில் அவனை எல்லோரும் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்தால், அதையும் கல்லில் சேர்க்கச் சொல்லிக் கேட்பாள். சேர்க்க வேண்டும்.